ரூனே கொடுக்காத கிழங்கு

சங்கத்தின் ஆண்டு மலருக்கு, காலமான ஹில்டிங்கைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று தலைவர் கேட்டபோது மூன்று தடவை முடியாது என்றேன். "வேற யாரு எழுதுவா? இருபத்தாறு வருஷமா நீதானே செயலாளர்?" என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டையும் கையில் திணித்தார். பிறந்த வருடம், தபால் வேலை, கண்டெடுத்த பூ என்று வரிசையாகக் குறித்துவிட்டுக் கடைசியில், 'வயசான காலத்து மறதி, எல்லோரும் ரசித்தது' என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியைப் பார்த்த பிறகுதான் எழுத ஒப்புக்கொண்டேன். எழுதி முடிப்பதற்குள் என் மானம் கப்பலேறிவிடும். ஏறட்டும். பதினைந்து வருடம் முன்பே ஏறியிருக்க வேண்டியது.

ஹில்டிங் முப்பத்தெட்டு வருடம் எங்கள் பக்கத்துத் தபால்காரர். ஸ்வீடனில், உப்சாலாவுக்கு வடக்கே, ஒரே பாதை, நூற்றுப் பன்னிரண்டு வீட்டுத் தபால் பெட்டிகள். எந்தப் பெட்டியின் மூடி ஜனவரியில் உறைந்து ஒட்டிக்கொள்ளும், எந்த வீட்டுக்காரிக்கு நார்வேயிலிருந்து எந்த வாரம் கடிதம் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது நோண்டினால், "ஏப்ரல்ல சிப்பா பூக்குது. மத்த மாசமெல்லாம் சிப்பாவுக்காகக் காத்திருக்கேன். எப்பப் பண்ணிக்கிறது?" என்பார்.

எங்கள் காட்டு அனிமோன் பூவைத்தான் சிப்பா என்கிறோம். மரங்கள் இலை விடுவதற்கு முன்னால், ஏப்ரல் கடைசியில், காட்டுத் தரை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மிதித்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு மலிந்த பூ. ஆனால் ஆயிரத்தில் ஒன்று நீலம் பாய்ந்திருக்கும், ஒன்றில் இதழ் அடுக்கடுக்காக இருக்கும், ஒன்று பச்சையாகவே பூக்கும். அந்த ஒன்றுக்காக மண்டியிட்டுத் திரிகிற கிறுக்குகள் அறுபத்து மூன்று பேர் சேர்ந்ததுதான் எங்கள் சங்கம். என்னிடம் எண்பத்து நான்கு வகை இருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த எண்தான் என்னைக் கெடுத்தது.

வெள்ளைச் சிப்பாவும் மஞ்சள் சிப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தால் சில இடங்களில் இரண்டும் கலந்து வெளிர் மஞ்சளில் ஒன்று பிறக்கும். கந்தகச் சிப்பா என்போம். அதுவே அபூர்வம். 1991 மே மாதம் ஹில்டிங் தபால் காரை ஓரம் கட்டியபோது சாலையோரப் பள்ளத்தில் கந்தகச் சிப்பா ஒன்று அடுக்கு இதழோடு பூத்திருந்ததைப் பார்த்தார். நாற்பது இதழுக்குமேல் இருக்கும், உருக்கிய வெண்ணெய் நிறம். அடுத்த வாரம் சாலையை அகலப்படுத்த இயந்திரம் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அந்த அறிவிப்புக் கடிதங்களைப் போட்டவரே அவர்தான். நில உடைமைக்காரரிடம் கேட்டு, சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து, அதில் தோண்டி எடுத்து வந்தார். பள்ளம் இருந்த இடத்தில் இப்போது தார் இருக்கிறது. ஆக, உலகத்திலேயே அந்தச் செடி ஹில்டிங் வீட்டுப் பாத்தியில் மட்டும்தான் இருந்தது.

எல்லோரும் ஒரு துண்டு கேட்டோம். ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கஞ்சத்தனம் இல்லை. எழுபதுகளில் பச்சைப் பூ என்று இருபது பேருக்குக் கிழங்கு கொடுத்தார். மறுவருடம் இருபது தோட்டத்திலும் அது சாதா வெள்ளையாகப் பூத்துத் தொலைத்தது. "காட்டுல மிதிபடுறதையே பார்சல் கட்டி அனுப்பிட்டான்டா தபால்காரன்" என்று வருடக்கணக்கில் கேலி பேசினார்கள். அதிலிருந்து அவருக்கு ஒரு வைராக்கியம். ஏழு வசந்தம் குணம் மாறாமல் பூத்தால்தான் யாருக்கும் கொடுப்பேன் என்றார். 1998 என்று கணக்கு.

என்னால் 1998 வரைக்கும் பொறுக்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். எண்பத்து நான்கு வகை வைத்திருப்பவளிடம் இது இல்லையே என்கிற அரிப்பு.

1996 மே மாதம் அவர் வீட்டில் தோட்டம் பார்க்கும் நாள். தானே சுட்ட பிஸ்கட் ஏழு வகை அடுக்கி வைத்திருந்தார். பெண் துணை இல்லாத வீடு என்று யாரும் நாக்கு மேலே பல்லுப் போட்டுப் பேசிவிடக் கூடாது பாருங்கள். காபி கொதித்துவிட்டது, வாருங்கள் என்று கூப்பிட்டார். எல்லோரும் உள்ளே போனார்கள். நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்தேன். வயல் எலி நுழையாமல் இருக்கப் பாத்தியைச் சுற்றிக் கம்பி வலையைப் புதைத்து, விளிம்பை உள்பக்கம் மடித்து வைத்திருந்தார். ஒரு மூலையைப் பேனாக்கத்தியால் நெம்பித் தூக்கினேன், விரலை விட்டேன். சிப்பாக் கிழங்கு பார்ப்பதற்கு ஒரு பழுப்புக் குச்சி, அவ்வளவுதான். சுண்டு விரல் நீளம் ஒடித்துக் கைக்குட்டையில் சுற்றினேன். வலையைக் காலால் அமுக்கிவிட்டு, கையைக் கழுவி, உள்ளே போய் ஏழு வகை பிஸ்கட்டும் தின்றேன். "பாதாம் பிஸ்கட் பிரமாதம் ஹில்டிங்!" என்று பாராட்டுப் பத்திரம் வேறு. ச்சீ!

அந்தக் குளிர்காலம் பனி இடுப்பளவு. பனிக்கு அடியில் எலிகளுக்குக் கொண்டாட்டம். மே மாதம் ஹில்டிங் போன் செய்தார். "ஹெட்விக், ஒண்ணும் வரலம்மா."

ஓடினேன். அவர் முழங்கால் போட்டு, காபிக் கரண்டியால் மண்ணைப் புரட்டிக்கொண்டிருந்தார். கிழங்கு ஒன்றுகூட இல்லை, எலி வளைதான் இருந்தது. மூலையில் வலை நாலு விரல் தூக்கிக்கொண்டு நின்றது.

"இது எப்படி இப்படி நிக்குது? நான் நல்லாத்தானே மடிச்சேன்? இந்த ஒரு மூலையில மட்டும்..."

"உறைபனியில மண்ணு உப்பித் தூக்கியிருக்கும்" என்றேன்.

"அப்படியா சொல்றே?"

"பின்ன? எங்க வீட்டுப் படிக்கல்லையே தூக்கிடுச்சே."

அவர் தலையாட்டினார். ஆயிரம் தடவை அந்த இடத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன். திருடினதைவிட அந்த உறைபனிதான் என்னை அதிகமாகக் கூசவைக்கிறது. ஒரு மனிதன் என் வார்த்தையை நம்பித் தன் கையையே குறை சொல்லிக்கொண்டான். "நான் இன்னும் ஆழமாப் புதைச்சிருக்கணும்" என்று அன்றைக்கு மூன்று தடவை சொன்னார்.

அதே வாரம் என் வீட்டில், உரக்குழிக்குப் பின்னால், அது மூன்று பூ பூத்திருந்தது. யாராவது வந்தால் அதன்மேல் ஒரு பழைய தொட்டியைக் கவிழ்த்து வைப்பேன். நானும் தனியாக இருக்கும்போதுதான் திறந்து பார்ப்பேன். பார்த்து என்ன சுகம்? ஒரு நாள்கூட ரசிக்க முடியவில்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்றால், எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமே.

அங்கேதான் எங்கள் சங்கத்து வழக்கம் குறுக்கே வருகிறது. கிழங்கு மாற்றிக்கொள்வது ஆகஸ்டில். அப்போது இலையும் இருக்காது, பூவும் இருக்காது. மேசை முழுக்க வெறும் மண் தொட்டிகள்தான். எது என்ன என்று சொல்வது பெயர்ப்பட்டை மட்டும்தான். பழைய ஜன்னல் திரையின் அலுமினியத் தகட்டை வெட்டிப் பென்சிலால் எழுதுவோம். முன்பக்கம் செடியின் பெயர், பின்பக்கம் கொடுத்தவர் பெயர், வருடம். கொடுத்தவர் பெயர் இல்லாத தொட்டியை ஒருவரும் தொட மாட்டார்கள். மண்ணை நம்பி யார் எடுப்பார்கள்? ஆளை நம்பித்தான் எடுக்கிறோம்.

1998 பிப்ரவரியில் ரூனே மாரடைப்பில் போனார். ஹில்டிங்குக்கு ஒரே சிநேகிதன். பால் லாரி ஓட்டியவர். சனிக்கிழமை என்றால் இரண்டு பேரும் சேர்ந்து விறகு வெட்டுவார்கள், இல்லையென்றால் ஏரியில் தூண்டில் போடுவார்கள். ரூனேயின் மனைவி மைக்கன், தோட்டத்தில் உள்ள செடிகளையெல்லாம் சங்கமே எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். ஜூனில் நாலு பேர் போய்த் தோண்டித் தொட்டிகளில் வைத்தோம். ரூனே பட்டை எழுதுவதில் சோம்பேறி, பாதிச் செடிக்குப் பெயரே கிடையாது. அப்போதுதான் என் மண்டையில் அந்த யோசனை உதித்தது. செத்தவரை யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

என் செடியில் பாதியை ஒரு தொட்டியில் வைத்து, 'கந்தகச் சிப்பா, அடுக்கு. கொடுத்தவர்: ரூனே, அவர் தோட்டத்திலிருந்து' என்று எழுதி அவருடைய தொட்டிகளோடு சேர்த்துவிட்டேன். ஹில்டிங்குக்குச் செடி திரும்பக் கிடைக்கும், எனக்கும் பாரம் இறங்கும், யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

ஆகஸ்டில் ஹில்டிங் அந்தப் பட்டையை எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் படித்தார். திருப்பிப் படித்தார்.

"ரூனே தோட்டத்துலயா இருந்துச்சு?"

"ஆமா. ஹேசல் மரத்தடியில."

"நீயே தோண்டினியா?"

"நானேதான்."

"சரி, பூக்கட்டும். பாத்துக்கலாம்" என்று தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். முகத்தில் சந்தோஷம் இல்லை. அது ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியுமே! அப்படியென்றால் ரூனேயிடம் அது எப்படிப் போயிருக்கும்?

மறுவருடம் மே எட்டாம் தேதிக் கூட்டத்தில் யாரோ உற்சாகமாக எழுந்து, "ஹில்டிங் பூ திரும்பி வந்துடுச்சு, கேட்டீங்களா!" என்று கை தட்டினார்கள். ஹில்டிங் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ரூனே கேட்டிருந்தா அவனுக்குத்தான் முதல்ல குடுத்திருப்பேன். கேக்காம எடுப்பான்னு நான் நெனைக்கல."

நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சொல்லியிருக்கலாம், அந்த நிமிடமே. பேனா மை தீர்ந்ததுபோல் உதறிக்கொண்டு குனிந்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மைக்கன் என் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஏண்டி ஹெட்விக், நீதானே தோண்டினே? நீயே சொல்லு. அந்தச் செடி எங்க ஹேசல் மரத்தடியிலதான் இருந்துச்சா?"

"உட்காருங்க மைக்கன். காபி வைக்கிறேன்."

"காபி கிடக்கட்டும். நாப்பத்தொரு வருஷம் அந்த மனுஷனோட குடித்தனம் பண்ணியிருக்கேன். பால் பண்ணையிலேர்ந்து ஒரு ரப்பர் வளையம் எடுத்துட்டு வந்தவனில்ல. கடையில ஊர்ப் பொம்பளைங்க என்னப் பாத்துட்டுப் பேச்ச நிறுத்துறாங்க. ரூனே சமாதியில ஹில்டிங் ஒரு சிப்பா நட்டிருந்தானே, போய்ப் பாக்குறேன், தோண்டி எடுத்துட்டுப் போயிட்டான்டி! வெறும் குழி இருக்கு!"

"செடி எப்படியாவது வந்திருக்கும்... வண்டிச் சக்கரத்து மண்ணுல..."

"சக்கரத்து மண்ணுலயா?" மைக்கன் என்னையே பார்த்தாள். நான் காபிக் கோப்பையைப் பார்த்தேன். அவள் தொடவேயில்லை, எழுந்து போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாலை வளைவில் நின்று கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உரக்குழிக்குப் பின்னால் போனேன். மீதி இருந்த செடியை வேர் மண்ணோடு ஒரு வாளியில் பெயர்த்துப் போட்டுக்கொண்டு ஹில்டிங் வீட்டுக்கு நடந்தேன். இரண்டு கிலோமீட்டர். சைக்கிளில் போயிருக்கலாம், ஆனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேனே என்று பயம்.

அவர் சமையலறையில் ஹெர்ரிங் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். வாளியை மேசைமேல் வைத்தேன். இலையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பை அணைத்தார்.

"ரூனே எடுக்கல. நான்தான் எடுத்தேன். தொண்ணூத்தாறுல, நீங்க காபிக்குக் கூப்பிட்டப்போ. பட்டையில அவர் பேரை எழுதினதும் நான்தான்."

வாணலியில் வெண்ணெய் இரைந்து அடங்கியது. பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த வலை?"

அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன், அந்த யோக்கியதைதான் எனக்கு.

"நான்தான் தூக்கினேன். சரியா அமுக்கல."

"உறைபனி இல்ல."

"இல்ல."

அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். திட்டுவார், கத்துவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அப்படித் திட்டியிருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன். திரும்பி வந்தபோது கையில் இரண்டு பெயர்ப்பட்டைகள் இருந்தன. இரண்டையும் மேசைமேல் வைத்தார். அவருடைய குண்டு குண்டான தபால்காரக் கையெழுத்து. ஒன்றில் 'ரூனேவுக்கு, 1998'. அந்தப் பெயரை ஆணியால் கீறிக் கீறி அழித்து, பட்டையையே மடக்கியிருந்தார். இன்னொன்றில் 'ஹெட்விக்குக்கு, 1998'. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"செடி கிடைச்ச அந்தக் குளிர்காலத்துலயே எழுதி வச்சேன்" என்றார். "முதல் ரெண்டு பேரு."

ரூனேயின் பட்டையை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் மெதுவாக நிமிர்த்தினார். கீறலுக்குமேல் மறுபடியும் பென்சிலால் பெயரை எழுதினார். வாளியில் இருந்த செடிக்குப் பக்கத்தில் குத்தி வைத்தார். என் பட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இத நீ வச்சுக்க."

செடி இல்லை, பட்டை மட்டும். கையை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். மே இருபத்தொன்பதாம் தேதி விசேஷக் கூட்டம். எழுந்து நிற்க வேண்டும் என்று முந்தின நாளெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கூட்டம் தொடங்கியது, தண்ணீர் குடித்தேன், தாளைத் திருப்பினேன். நான் எழுந்திருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஹில்டிங்கே எழுந்தார்.

"ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தச் செடிய ரூனேவுக்கு நான்தான் குடுத்தேன். சுத்தமா மறந்தே போச்சு. வயசாயிடுச்சு பாருங்க. மைக்கன், மன்னிச்சிடும்மா."

கூடம் முழுக்கச் சிரிப்பு. நல்ல சிரிப்புதான், பெருமூச்சு விட்ட சிரிப்பு. மைக்கன் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் நிற்கும்போது என் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் எழுதினேன்: 'நான்காவது பொருள்: ஹில்டிங் தமக்கு ஏற்பட்ட மறதிக்கு வருத்தம் தெரிவித்தார்.' என் கையாலேயே எழுதினேன், கையெழுத்தும் போட்டேன்.

அதன் பிறகு பதினான்கு வருடம் அவர் எங்கள் ஊரின் மறதிக்காரக் கிழவர். "ஹில்டிங், இன்னைக்கு என்ன கிழமை?" "வீட்டுக்கு வழி தெரியுமா, கூட்டிட்டுப் போகவா?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சீண்டல். செடியை அவர் கிழங்கு கிழங்காகப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். டென்மார்க் வரைக்கும் போயிருக்கிறது. அப்போதும், "எனக்குக் குடுத்தது ஞாபகம் இருக்குமா, இல்ல அடுத்த வருஷம் திருடின்னு சொல்வீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். அவரும் சேர்ந்து சிரித்தார். நூற்றுப் பன்னிரண்டு பெட்டியையும் சாகும் வாரம்வரை வரிசையாகச் சொல்லக்கூடிய மனிதர்! நானும் அந்த அறையில் இருந்தேன். சில சமயம் மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் சந்தேகப்படுவார்களே.

என்னிடம் அவர் ஒரு நாளும் கோபமாகப் பேசவில்லை. ஆகஸ்டு தோறும் அந்தச் செடியில் ஒரு தொட்டி மேசைமேல் மிஞ்சியிருக்கும். யாருக்காக மிஞ்சியது என்று எனக்குத் தெரியும். எடுக்க எனக்குக் கை வரவில்லை.

நேற்று, இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு மைக்கனிடம் போனேன். தொண்ணூற்றொரு வயது, காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. முழுவதும் படித்துக் காட்டினேன். என்னைத் திட்டுவாள் என்றுதான் போனேன். அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ்ல," என்றாள், "அவன் எனக்கு ரொட்டி சுட்டு எடுத்துட்டு வந்தான். 'அதிசயமா என் வீடு ஞாபகம் இருக்கே உனக்கு'ன்னு சொன்னேன்டி. நானும் சொன்னேன்டி ஹெட்விக்."

படித்த தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே தலைவருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் கொடுத்த சீட்டின் கடைசி வரியை நான் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். 1999 மே 29 கூட்டக் குறிப்பில் நான்காவது பொருள் பொய், அதை அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் என் பெயரையும், நான் செய்ததையும் எழுதுங்கள். ரூனே திருடவில்லை. ரூனேவுக்கு யாரும் கொடுக்கவும் இல்லை. ஹில்டிங் எதையும் மறந்தவர் இல்லை.